ஏழெட்டு எவ்வளவு?

(மாலை நேர வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறோம். அதனால் பல விஷயங்களைத் தொடாமல் ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அது வாய்ப்பாடு. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது உங்களில் பலர் எங்களிடம் சொல்வது இதுதான்: “வாய்ப்பாடு சொல்ல மாட்டேங்கிறான். ரெண்டு அடி போட்டாவது மனப்பாடம் பண்ண வைங்க.” அடி விஷயத்துக்குப் பிறகு வருகிறோம். முதலில், “வாய்ப்பாடு தெரியும்” என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று பார்ப்போம்.

எங்கள் வகுப்பில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடும். உம்மா முகத்தில் பெருமை. நாங்கள் கேட்போம்: “ஏழு ஆறு எவ்வளவும்மா?” பிள்ளையின் உதடு அசையத் தொடங்கும். ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு என்று முதலிலிருந்து ஓடி வந்து நாற்பத்திரண்டில் நிற்கும். நடுவில் யாராவது இருமினால் மறுபடியும் முதலிலிருந்து. அடுத்து, “நாற்பத்திரண்டு மிட்டாயை ஏழு பேருக்குச் சமமாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு எத்தனை?” என்று கேட்டால், “வகுத்தல் எங்களுக்கு இன்னும் நடத்தல” என்று பதில் வரும்.

இந்தப் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாட்டின் ராகம் தெரிகிறது. ஏழும் ஆறும் சேர்ந்தால் நாற்பத்திரண்டு என்பது தெரியவில்லை. ராகம் தெரிவதில் தப்பில்லை, அது நல்ல துணைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நான்காம், ஐந்தாம் வகுப்பில் வண்டி நின்றுவிடும். அங்கே நீள் வகுத்தல் வருகிறது, பின்னம் வருகிறது; அதற்கு மேல் போனால் சதவீதம், வட்டம், பரப்பளவு. ஒவ்வொன்றிலும் ஒரே கணக்குக்குள் ஐந்தாறு முறை பெருக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஏழு ஒன்று ஏழிலிருந்து தொடங்கும் பிள்ளை, எதற்காகப் பெருக்கினோம் என்பதையே மறந்துவிடும். ஆசிரியர் புதிதாகச் சொல்வதைக் கேட்க அதன் மனதில் இடம் இருக்காது. அப்படியே இரண்டு வருடம் போனால், “எனக்குக் கணக்கு வராது” என்று அதுவே முடிவு கட்டிவிடும். “பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு” என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால் அந்த முடிவு இன்னும் உறுதியாகிவிடும். பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டு பயப்படும் பல பிள்ளைகளுக்குச் சிக்கல் தொடங்கிய இடம் பத்தாம் வகுப்பு அல்ல. அது எட்டு வயதில் தொடங்கியிருக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மனப்பாடத்துக்கு முன்னால் அர்த்தம் வர வேண்டும். பெருக்கல் என்றால் சமமான கூட்டங்களை எண்ணுவது. நம் வீட்டு விசேஷங்களில் சஹனில் சாப்பாடு வைக்கிறோமே, அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு சஹனுக்கு நான்கு பேர் உட்கார்ந்தால், ஏழு சஹனுக்கு எத்தனை பேர்? பிள்ளை முதலில் ஒவ்வொருவராக எண்ணட்டும். அப்புறம் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று தாவி எண்ணட்டும். இரண்டுக்கும் விடை ஒன்றே என்று அதுவாகக் கண்டுபிடிக்கும்போது பெருக்கல் பிறந்துவிட்டது. நோன்புக் கஞ்சி ஊற்றுவதற்குக் கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். ஒரு வரிசையில் எட்டு, இப்படி ஐந்து வரிசை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பாருங்கள். ஆறு ஜோடி என்றால் பன்னிரண்டு செருப்பு.

சமமாக இல்லாததையும் ஒருமுறை காட்டுங்கள். ஐவேளை பர்ளுத் தொழுகையில் சுப்ஹு இரண்டு, லுஹர் நான்கு, அஸர் நான்கு, மஃரிப் மூன்று, இஷா நான்கு ரக்அத். மொத்தம் பதினேழு. இதை ஐந்தால் பெருக்கிச் சொல்ல முடியுமா? முடியாது, கூட்டத்தான் வேண்டும். ஏன் முடியாது என்று பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால், பெருக்கல் எங்கே பொருந்தும் என்பது அதற்குப் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம் பேச்சுத் தமிழில் உள்ள ஒரு குழியையும் சொல்ல வேண்டும். “நாலஞ்சு பேர் வந்தாங்க” என்றால் நான்கு அல்லது ஐந்து பேர் என்று அர்த்தம். “ஏழெட்டு நாளாச்சு” என்றாலும் அப்படித்தான். ஆனால் வாய்ப்பாட்டில் “நாலஞ்சு இருபது”, “ஏழெட்டு ஐம்பத்தாறு”! ஆறு வயதுப் பிள்ளையின் காதில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும். “நாலஞ்சு எவ்வளவு?” என்று கேட்டதும் அது திருதிருவென்று விழித்தால் அது மக்கு அல்ல, நாம் கேட்ட கேள்விதான் அதற்குப் புரியவில்லை. ஆரம்பத்தில் சில வாரங்கள் “நாலு தடவை அஞ்சு” என்று நீட்டிச் சொல்லுங்கள். அர்த்தம் பிடிபட்ட பிறகு “நாலஞ்சு” என்று சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்து மனப்பாடம். மனப்பாடமே கூடாது, புரிந்தால் போதும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அந்தக் கட்சி இல்லை. புரிந்ததை மனதில் பதித்து வைத்தால்தான் அடுத்த பாடத்துக்குப் போக முடியும். ஆனால் எவ்வளவு பதிக்க வேண்டும் என்பதில்தான் பிள்ளைகளைத் தேவையில்லாமல் மிரட்டி வைத்திருக்கிறோம்.

முட்டைக் கடையிலிருந்து ஒரு காலி அட்டை வாங்கி வாருங்கள். முப்பது குழி இருக்கும். இப்படிப் பிடித்தால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. அட்டையைத் திருப்பிப் பிடித்தால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. குழி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே ஐந்தாறும் ஆறைந்தும் ஒன்றுதான். பெரியவர்களான நமக்கு இது சாதாரணம். பிள்ளைக்கு இது பெரிய செய்தி, ஏனென்றால் இது அதன் சுமையில் பாதியை இறக்கி வைக்கிறது. ஒன்று முதல் பத்து வரை வாய்ப்பாட்டில் மொத்தம் 100 பெருக்கல்கள். திருப்பிப் போட்டால் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால் 55 போதும்.

இந்த 55-லும் பெரும்பாலானவை சுலபம். ஒன்றால் பெருக்குவது பாடமே இல்லை. இரண்டால் பெருக்குவது ஜோடி. பத்தால் பெருக்குவதற்குப் பத்து ரூபாய் நோட்டு போதும். ஆறு நோட்டு அறுபது ரூபாய் என்று கடைக்குப் போகும் பிள்ளைக்குத் தெரியும். ஐந்துக்குக் கடிகாரம் இருக்கிறது. பெரிய முள் ஏழில் நின்றால் முப்பத்தைந்து நிமிடம். பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் கடிகாரப் பலகையைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு சுவரிலேயே தொங்குகிறது. இந்த நான்கு எண்களும் வரும் பெருக்கல்களை எடுத்துவிட்டால் மிச்சம் 21.

ஒன்பதுக்கு ஒரு வழி: பத்தால் பெருக்கி ஒரு தடவை கழிக்க வேண்டும். ஒன்பது ஏழு வேண்டுமா? எழுபதில் ஏழு போனால் அறுபத்து மூன்று. விரலிலும் செய்யலாம். இரண்டு கையையும் விரித்து, இடது பக்கத்திலிருந்து ஏழாவது விரலை மடக்கினால் மடக்கிய விரலுக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் மூன்று. பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பார்கள், செய்யட்டும். இப்போது மிச்சம் 15.

நான்கால் பெருக்குவது இரட்டிப்பின் இரட்டிப்பு. நான்கு ஏழுக்கு, ஏழை இரட்டித்தால் பதினாலு, அதை இரட்டித்தால் இருபத்தெட்டு. மிச்சம் 10. மூன்றால் பெருக்குவது இரட்டித்து இன்னொன்று சேர்ப்பது. மூன்று எட்டுக்கு, பதினாறும் எட்டும் இருபத்து நான்கு. மிச்சம் 6.

ஆறே ஆறு. 36, 42, 48, 49, 56, 64. ஆறாறு, ஆறேழு, ஆறெட்டு, ஏழேழு, ஏழெட்டு, எட்டெட்டு. பெரியவர்களும் தடுமாறும் இடம் பெரும்பாலும் இவைதான். இவற்றுக்கும் வழி உண்டு. மூன்று ஏழு இருபத்தொன்று தெரிந்தால், இரட்டித்தால் ஆறேழு நாற்பத்திரண்டு. நான்கு எட்டு முப்பத்திரண்டை இரட்டித்தால் எட்டெட்டு அறுபத்து நான்கு. ஏழெட்டுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது: 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். 56 என்பது 7 பெருக்கல் 8. ஒருமுறை காட்டினால் பிள்ளை மறக்காது.

ஆகவே நீங்கள் பிள்ளையிடம் “பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் படிச்சாகணும்” என்று மலையைக் காட்டுவதற்குப் பதிலாக, “இந்த வாரம் ரெண்டே ரெண்டு புதுசு” என்று சொல்லலாம். பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். யு.கே.ஜி. பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியும் என்று விருந்தாளிகள் முன் நிறுத்துவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வயதுக்கு இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாக எண்ணத் தெரிந்தால் போதும், அதுவே நல்ல அடித்தளம்.

பதித்ததை எப்படித் தக்கவைப்பது? இதை நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நம் மதரஸாக்களில் ஹிஃப்ளு ஓதும் பிள்ளையிடம் பழைய பாடத்தைக் கேட்காமல் ஹஜ்ரத் புதிய பாடம் கொடுப்பதில்லை. நேற்றையது, போன வாரத்தையது, முன்பு முடித்தது என்று எல்லாம் சுழன்று வந்துகொண்டே இருக்கும். வாய்ப்பாட்டுக்கும் அதே முறைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிடத் தினம் ஐந்து நிமிடம் மேல். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்று புதியது, ஏழெட்டு பழையது. (இங்கே நாங்கள் சொல்லும் ஏழெட்டு, ஏழு அல்லது எட்டு!) வரிசையில் கேட்காதீர்கள். கலைத்துக் கேளுங்கள், திருப்பிக் கேளுங்கள். “ஆறெட்டு எவ்வளவு?” என்று ஒரு நாள். “நாற்பத்தெட்டில் எத்தனை ஆறு?” என்று இன்னொரு நாள். அந்த இரண்டாவது கேள்வியிலேயே வகுத்தலும் வந்துவிடும்.

கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது எட்டு ஒன்பது வயதில், பன்னிரண்டு வரையான வாய்ப்பாட்டில் அரசே ஒரு தேர்வு வைக்கிறது. 2022 முதல் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் அது கட்டாயம். மொத்தம் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. வேகத்தைச் சோதிக்கவே வைத்த தேர்வில் ஆறு விநாடி தருகிறார்கள். நம் வீட்டில் இரண்டு விநாடிக்குள் பதில் வராவிட்டால், “என்ன முழிக்கிற?” என்று ஆரம்பித்துவிடுகிறோம். மனதுக்குள் ஆறு வரை எண்ணுங்கள். பதில் தப்பாக வந்தால் திட்டாமல், “எப்படி வந்துச்சு, சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். ஆறேழுக்கு முப்பத்தாறு என்று சொன்ன பிள்ளை ஆறாறைச் சொல்லியிருக்கும். இன்னும் ஓர் ஆறு சேர்த்தால் சரி. அது பாதி வழி வந்துவிட்டது. அதை “தெரியாது” கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்போது அடி விஷயம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் இருக்கிறார்கள். அந்தப் பெருமையில் நியாயமும் உண்டு. எண்சுவடி என்ற வாய்ப்பாட்டுச் சுவடியைப் பிள்ளைகள் கூட்டமாகக் கூவிப் படித்தார்கள். முழு எண் மட்டுமா, கால், அரை, மா, காணி என்று இறங்கி 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை பின்னத்துக்கும் வாய்ப்பாடு இருந்தது. ஆனால் அந்த எண்கள் அன்று நெல் அளவையிலும் நிலக் கணக்கிலும் தினமும் புழங்கியவை. படித்ததைப் பிள்ளை கண்ணால் பார்த்தது. அதே திண்ணைப் பள்ளியில்தான் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்தது. கணக்கு வந்தது எண்கள் புழக்கத்தில் இருந்ததால் என்று எடுத்துக்கொள்வதா, கோதண்டத்தால் என்று எடுத்துக்கொள்வதா? பலர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வருத்தம்.

பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. நம்மை ஒரு அதிகாரி முன் நிறுத்திச் சொந்த போன் நம்பரைக் கேட்டால் நமக்கே தடுமாறும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பள்ளியில் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. ஆகவே “ரெண்டு அடி போடுங்க” என்று எங்கள் சகோதரிகளிடம் கேட்காதீர்கள். அவர்கள் போடமாட்டார்கள், நாங்களும் விடமாட்டோம். “தம்பி சொல்றான், நீ சொல்ல மாட்டேங்கிற” என்ற ஒப்பீடும் அடிதான். அது சட்டத்தில் எந்தப் பிரிவில் வருகிறதோ, பிள்ளை மனதில் முதல் பிரிவிலேயே வந்துவிடும்.

அரசும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், எட்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கு எண்ணறிவும் எழுத்தறிவும் வர வேண்டும் என்பதற்காக ஆடலும் பாடலும் பொருட்களுமாகப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளை, “இன்னைக்கு மணி கோத்து விளையாடினோம்” என்று சொன்னால், “படிக்காம விளையாடினியா?” என்று கோபிக்காதீர்கள். எத்தனை மணி, எத்தனை வரிசை என்று கேளுங்கள்.

கடைசியாக உம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. “நான் அஞ்சாவது வரைதான் படிச்சேன், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க?” என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். பிள்ளை “டூ எய்ட்ஸ் ஆர் சிக்ஸ்டீன்” என்று சொல்கிறது, உங்களுக்கு “ஈரெட்டு பதினாறு” தெரிகிறது. இரண்டும் ஒரே பதினாறுதான். நீங்கள் தமிழில் கேளுங்கள், பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் இரண்டு மொழியிலும் சொல்லத் தெரிந்த பிள்ளை ராகத்தை நம்பி இருக்காது, எண்ணை நம்பி இருக்கும். நீங்கள் ரேஷன் கடையில் மனக்கணக்குப் போடுகிறீர்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். தினம் அரை லிட்டர் பால் இத்தனை ரூபாய் என்றால் வாரத்துக்கு எவ்வளவு என்று பிள்ளையை அருகில் வைத்துச் சத்தமாகப் போடுங்கள். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? எழுதப் படிக்கவே தெரியாத நன்னிமார்கூடப் புளியங்கொட்டையை வைத்து வரிசை கட்டிக் கேட்கலாம். பதிலைச் சரிபார்க்க எண்ணிப் பார்த்தால் போதும்.

வாப்பாமார்கள் வேலை முடிந்து இரவு வருகிறீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாரத்துக்கு நாலைந்து தடவை வீடியோவில் பேசுகிறீர்கள். “நல்லாப் படிக்கிறியா?” என்ற கேள்விக்குப் பிள்ளை “ம்” என்று மட்டும்தான் சொல்லும். அதற்குப் பதில், “ஆறேழு எவ்வளவு? எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேளுங்கள். பேச்சு நீளும்.

வாசலில் மேசைமேல் சிறு அட்டைக் கட்டுகள் வைத்திருக்கிறோம். நம் மாலை வகுப்புச் சகோதரிகள் கையால் எழுதியவை. ஒரு கட்டில் 21 அட்டைகள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. வீட்டுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். பிள்ளை தயங்காமல் சொல்லும் அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு, தடுமாறுபவற்றை மட்டும் வெளியே வையுங்கள். வாரம் ஒருமுறை டப்பாவில் போட்டதையும் எடுத்துக் கேளுங்கள். அடுத்த மாதம் கூட்டத்துக்கு வரும்போது வெளியே எத்தனை அட்டை மிச்சம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். பிள்ளையை எழுப்பி நிறுத்தி ஒப்பிக்கச் சொல்ல மாட்டோம்.

பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள்.